ஒண்ணு புள்ளி எட்டு

ஒண்ணு புள்ளி எட்டு. லேப்காரன் அதைத் தடிச்ச எழுத்துல அடிச்சு, பக்கத்துல ஒரு நட்சத்திரமும் போட்டுக் குடுத்திருக்கான், என்னமோ நான் வகுப்புல முதல் மார்க் வாங்கின மாதிரி. புத்தி பேதலிக்காம இருக்க நான் திங்கிற லித்தியம் ரத்தத்துல எவ்வளவு கிடக்குன்னு பாக்கிற கணக்கு இது. ஒண்ணுக்குள்ள நிக்கணும். ஒண்ணு புள்ளி ரெண்டு வரைக்கும் பொறுத்துக்கிடலாம். அதுக்கு மேல ஏறினா மருந்தே விஷம், கை நடுங்கும், வயிறு கழியும், அப்புறம் கிட்னி, அப்புறம் நினைவு தப்பும், அப்புறம் ஒண்ணுமில்ல. போன மாசம் ஒண்ணு புள்ளி ஆறு. அப்பவே டாக்டர் தாணுமூர்த்தி கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சுட்டுச் சொன்னாரு, "மூணு மாத்திரையை ரெண்டாக்குறேன்மா. அடுத்த மாசமும் குறையலைன்னா லித்தியத்தையே நிப்பாட்டிர வேண்டியதுதான்." ரெண்டுதான் தின்னேன். காலையில ஒண்ணு, ராத்திரி எட்டரைக்கு ஒண்ணு. இன்னைக்கு ரத்தம் குடுக்கணும்னு காலை மாத்திரையைத் தொடக்கூட இல்ல. கிட்னி டெஸ்ட் சுத்தமா இருக்கு, அதையும் இதே லேப்காரன்தான் அடிச்சுக் குடுத்தான். மாத்திரை குறைஞ்சா ரத்தத்துல கூடுது, இது எந்த ஊரு நியாயம்? நான் தாலுகா ஆபீசுல நிலத்துப் படம் வரையுறவ, பத்து சென்டுல அரை சென்ட் இடிச்சாலும் எனக்குத் தூக்கம் வராது, இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வசப்பட மாட்டேங்குது. உள்ள இருபத்தி ரெண்டாம் டோக்கன் போயிருக்கு. என்னோடது முப்பத்தி ஒண்ணு, கடைசி. டாக்டர் மாசத்துல முதல் சனிக்கிழமைதான் அம்பாசமுத்திரம் வாராரு, முடிச்ச கையோட தென்காசிக்குக் கார் ஏறிருவாரு. இன்னும் எட்டு பேர். எட்டு பேர் போறதுக்குள்ள நான் இந்த நம்பருக்கு ஒரு பதில் கண்டுபிடிக்கணும், இல்லைன்னா என் மருந்து போச்சு.

எட்டாவது மருந்து இது. ஏழு வருசத்துல எட்டு. பேரெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனா பேரைச் சொல்லி அதுகளுக்கு மரியாதை குடுக்க மாட்டேன். முதல்ல வந்தது வெள்ளை, பொடிசு. தின்ன மூணாம் நாள் கழுத்து இடப்பக்கமாத் திருகிக்கிட்டு நிக்குது, எங்க அத்தை அம்மன் வந்திருக்கான்னு சொல்லித் திருநீறு பூசினாங்க. ரெண்டாவது மஞ்சள். அது ரொம்ப நல்ல மருந்துன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க, ஏன்னா அதைத் தின்னா நான் வாயே திறக்க மாட்டேன். பதினாலு மணி நேரம் தூக்கம், மீதி நேரம் தீனி. பதினெட்டு கிலோ ஏறினேன். உக்காந்த இடத்துல மூத்திரம் போனது தெரியாம நான் டி.வி. பாத்துக்கிட்டிருந்த நாள்ல என் வீட்டுக்காரரோட அக்கா வந்து, "இப்பத்தான் செல்வி குடும்பப் பொம்பளையா லட்சணமா இருக்கா"ன்னு சொன்னாங்க. மூணாவதுல முடி கொத்துக் கொத்தா வந்துச்சு. நாலாவதுல உடம்பெல்லாம் தடிச்சு வாயெல்லாம் புண். அஞ்சாவது என்னை உக்கார விடல, நிக்கவும் விடல, வராந்தாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து நடந்து குதிகால் வெடிச்சுது. ஆறும் ஏழும் சவம் ஒண்ணுமே செய்யல. அந்த லட்சணத்துலதான் ஒன்பது நாள் பொட்டுத் தூக்கம் இல்லாம ஆபீசுல உக்காந்து ஒரு ஊருக்கே புதுசா வாய்க்கால் வரைஞ்சேன். நாப்பத்தி மூணு சர்வே நம்பரைக் குறுக்க வெட்டி, நீலமை போட்டு, அளவு எழுதி, சீல் வச்சு, கையெழுத்தும் போட்டேன். தண்ணி எப்படிப் போகணும்னு எனக்கு அப்படித் தெளிவாத் தெரிஞ்சுது. தாசில்தார் முன்னால நிறுத்தி, "என்னம்மா இது, இல்லாத வாய்க்கால்"னு கேட்டப்ப, "இருந்திருக்க வேண்டிய வாய்க்கால் சார்"னு சொன்னேன். நல்ல பதில்தான், இப்பவும் சொல்லுதேன். ஆறு மாசம் வீட்டுல உக்கார வச்சாங்க. அப்புறம் லித்தியம். மூணாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பருப்பு களைஞ்சுக்கிட்டு இருக்கேன், திடீர்னு என்னமோ குறையுதேன்னு கையை நிப்பாட்டினேன். சத்தம் குறையுது. மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்த அந்தச் சத்தம் இல்ல. பருப்பு, தண்ணி, பாத்திரம், அவ்வளவுதான். நான் அழுதேன். சந்தோசத்துலதான் அழுதேன், ஆனா சமையல்கட்டு வாசல்ல நின்ன இவரு முகம் வெளிறிப் போச்சு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டுன்னு நினைச்சுட்டாரு. எங்க வீட்டுல நான் சிரிச்சாலும் அழுதாலும் கேலண்டர்ல ஒரு புள்ளி வைப்பாரு.

இந்தா பக்கத்துல இருக்காரே, சங்கரலிங்கம், என் வீட்டுக்காரர். ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அரைத் தூக்கத்துல இருக்காரு. வாய் லேசாத் திறந்திருக்கு. ஊர் முழுக்க இவருக்கு நல்ல பேரு. டோக்கன் போடுத ரெஜினாகூட, "சார் மாதிரி ஆள் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் மேடம்"னு மாசா மாசம் சொல்லுதா. மாசா மாசம் நானும் பல்லைக் காட்டுதேன். கோட்டிக்காரியை, பைத்தியக்காரியைக் கட்டிக்கிட்டு விட்டுட்டுப் போகாம இருக்காராம். நானும்தான் இவரை விட்டுட்டுப் போகல, எனக்கு ஒருத்தரும் மாலை போடல. சரி, அப்படிச் சொல்லக் கூடாது. நல்ல மனுசன்தான். நான் இவர் மேல கொதிக்கிற சாம்பாரை ஊத்தியிருக்கேன், தோள்ல இன்னும் தழும்பு இருக்கு. "சாப்பாட்டுல விஷம் வைக்கான், என்னைக் கொல்லப் பாக்கான்"னு தெருவுல நின்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அதை ஃபைல்ல மூணு இடத்துல எழுதி வச்சிருக்காங்க, கணவர் உணவில் விஷம் கலப்பதாக உறுதியாக நம்புகிறார்னு. அதுல விஷம்கிறது மட்டும்தான் பொய். கலந்தது நிஜம். அப்போ பார்த்த பழைய டாக்டர் தண்ணி மாதிரி ஒரு சொட்டு மருந்தைக் குடுத்து, குழம்புல கலந்து குடுங்க, தெரியவே தெரியாதுன்னு இவருகிட்டச் சொல்லி அனுப்பியிருக்காரு. தெளிஞ்ச பிறகு எனக்குத் தெரிய வந்து, நான் மூணு நாள் பச்சைத்தண்ணி குடிக்கல. என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினாரு, இனி உனக்குத் தெரியாம ஒண்ணும் கலக்க மாட்டேன்னு. அதை ஃபைல்ல யாரும் எழுதல. கை நடுங்குது பாரு. இந்த லேப் சீட்டு காத்தே இல்லாம படபடங்குது. போன வாரம் ஆபீசுல வரப்புக்கோடு போட்டேன், கோடு கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி வந்துச்சு, பக்கத்து சீட்டு பேச்சியப்பன் பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டான்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை வருசமா இருக்கு?" அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அம்மா கேக்குது, கடையத்துலேருந்து வந்திருக்காங்களாம். எனக்குச் சட்டுனு விளங்கல. அப்புறம்தான் புரியுது. இவரு சவரம் பண்ணல, கன்னம் ஒட்டிப் போயிருக்கு, ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குதாரு; நான் கஞ்சி போட்ட சேலை, கைப்பை, ஜம்முனு நிமிந்து உக்காந்திருக்கேன். நோயாளி இவருன்னு நினைச்சுட்டாங்க. அடக்க முடியாத சிரிப்பு வருது எனக்கு, வயித்துக்குள்ளயே வச்சுக்கிட்டேன். "ஏழு வருசமா"ன்னு சொன்னேன். "பாவம். சாதுவாத்தான் தெரியுதாரு. அடிப்பாரோ?" "எப்பவாவது." நாக்குல இனிக்குது எனக்கு. "மாத்திரை ஒழுங்காத் திம்பாரா?" "படுத்தத்தான் செய்வாரு." அந்தம்மா என் பக்கமாச் சாஞ்சு குரலைத் தாழ்த்துது. "நீங்க கேட்டுக் கேட்டா குடுக்கீய? நல்லா இருக்கே. நான் எங்க பெரியவன்கிட்டக் கேக்கவே மாட்டேன். அவன் பாட்டுக்குத் தின்னேன் தின்னேன்னுவான், நாக்குக்கு அடியில வச்சுத் துப்பிருவான். நான் நைசாத் தூளாக்கி காலையில கஞ்சியில போட்டுருவேன். கொஞ்சம் உப்பைத் தூக்கலாப் போட்டுரணும், அப்பதான் அந்தச் சுண்ணாம்பு ருசி தெரியாது. காப்பியில போட்டா அடியில தங்கிரும், கண்டுபிடிச்சிருவாவ. கஞ்சிதான் தோது." "யாரும்மா சொல்லித் தந்தா?" "யாரு சொல்லணும், இந்த பெஞ்சில உக்காந்து உக்காந்து படிச்சதுதான். ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கிடுததுதானே." இருபத்தி ஆறாம் டோக்கன்னு ரெஜினா கூப்பிடுதா. அந்தம்மா மகனை எழுப்பி, தோளைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு உள்ள போகுது. எனக்குச் சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல.

கஞ்சி. தை மாசத்துலேருந்து தினமும் வெள்ளன ஆறரைக்குக் கஞ்சி. நீ ஆபீசுக்கு ஓடுத, உனக்கு வயித்துக்கு நல்லதுன்னு இவரே எந்திரிச்சு வைக்காரு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் அடுப்புப் பக்கத்துல நின்னு பாப்பாரு, டம்ளரைக் கையில வாங்கி அவரே கழுவி வைப்பாரு. நான் ஆபீசுல பீத்திக்கிட்டேன், எங்க வீட்டுல எனக்கு ராஜ உபசாரம்னு. என்னங்க, உப்பு கரிக்குதேன்னு ரெண்டு தடவை சொன்னேன். லித்தியம் திங்கிறவங்க உப்பைக் குறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா, குடின்னாரு. ஆமா, சொன்னாருதான். இன்னைக்கும் ஆறரைக்குக் குடிச்சேன், எட்டரைக்கு ரத்தம் குடுத்தேன். ஐயோ. இல்ல. வேண்டாம், செல்வி, இந்தப் பக்கம் போகாத. இது உனக்குத் தெரிஞ்ச பாதை. சாப்பாடு, ருசி, புருஷன், பாத்திரம், இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும், ஒண்ணோட ஒண்ணு வந்து பொருந்தும், பொருந்த பொருந்த உடம்பு சூடாகும், எல்லாம் தெளிவாயிரும், தெளிவாயிட்டுன்னா நீ தெருவுல நிப்ப. அந்த வாய்க்காலும் இப்படித்தான் பொருந்திச்சு. ஆனா உடம்பு சூடாகலையே. வயித்துக்குள்ள ஜில்லுனு இருக்கு. கோட்டி பிடிக்கும்போது எனக்குச் சந்தேகமே வராது, இப்ப நான் சந்தேகப்படுதேன், அப்ப இது கோட்டி இல்ல. அப்படியும் ஒரு கோட்டிக்காரி சொல்லலாம். ரெண்டு மாத்திரை நான் தின்னது. போன மாசம் மூணை ரெண்டாக்கினப்ப வெளிய வந்து இவரு, குறைச்சுட்டாரே, குறைச்சுட்டாரேன்னு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிக்கிட்டு வந்தாரு. எனக்குப் பயந்து. என்னைப் பாத்து இவருக்கு அவ்வளவு பயம். குறைஞ்ச ஒண்ணை ஈடு கட்ட ஒண்ணு, துப்பிருவாளோன்னு இன்னொண்ணு. கணக்கு உக்காருதே. சனியன், அச்சடிச்ச மாதிரி உக்காருதே. சத்தம் காட்டாமக் கேட்டுப் பாப்போம். "என்னங்க." கண்ணைத் திறக்காரு. "கஞ்சியில என்ன போடுதீய?" ஒரு நொடி. ஒரே ஒரு நொடி முகத்துல இமைகூட ஆடல. அப்புறம் தோள் துண்டை எடுத்து வாயைத் துடைக்காரு. "இது என்னட்டீ கேள்வி? அரிசி, உப்பு." "வேற?" "வேற என்னத்தைப் போட? பேசாம இரு, எல்லாரும் பாக்காவ." யாரும் பாக்கல. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆளைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இவரு கேலண்டர் இங்க இல்ல, இருந்தா இப்ப ஒரு புள்ளி வச்சிருப்பாரு.

முப்பத்தி ஒண்ணு. உள்ள ஏ.சி. குளிரு. டாக்டர் சீட்டைப் பாக்காரு, என்னைப் பாக்காரு, இவரைப் பாக்காரு, மறுபடியும் சீட்டு. "எத்தனைம்மா சாப்பிடுதீங்க, உண்மையைச் சொல்லுங்க. ஏதாவது முடிவு பண்ணிக்கிட்டு மொத்தமா முழுங்குதீங்களா?" "இல்ல சார்." பதறாத, கையை மடியில வை, ஒவ்வொரு வார்த்தையாப் பைய எடுத்து வை, சிரிக்காத, அழாத, வேகமாப் பேசாத, மெதுவாவும் பேசாத. "சார், நான் ரெண்டுதான் சாப்பிடுதேன். எனக்குத் தெரியாம காலையில கஞ்சியிலயும் மாத்திரை கலக்குதாங்கன்னு நினைக்கேன். இன்னைக்கும் ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னால அந்தக் கஞ்சியைக் குடிச்சேன். அதான் கூடுது." நல்லாச் சொன்னேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்ல. டாக்டர் ஃபைலைப் பின்னால புரட்டுதாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவரு விரல் நின்ன இடம் எனக்குத் தெரியும். "யாரும்மா கலக்குறது?" "இவருதான் சார்." "உப்பு கூடுதலாத் தெரியுதா? வேற ருசி, வேற வாசனை?" அடப் பாவி மனுசா, எப்படிக் கேட்டா நான் ஆமான்னு சொல்லுவேன்னு தெரிஞ்சே கேக்காரு. ஆமான்னுதான் சொல்லணும், நிஜம் அதுதானே. "ஆமா சார், உப்பு கரிக்கும்." டாக்டர் இவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையா, "சார், நீங்க ஏதாவது?" ன்னு இழுக்காரு. இந்தா, இப்ப. இப்ப ஒரு வார்த்தை. நான் இவரைப் பாக்கல, பாத்தா நான் மிரட்டுதேன்னு ஆயிரும். சுவத்துல இருக்கிற மூளைப் படத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க. ஏழு வருசத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல, இதைச் சொல்லுங்க. இவரு தொண்டையைச் செருமுதாரு, கண்ணுல தண்ணி. "நான் எதுக்கு சார் அப்படிச் செய்வேன்." தண்ணியைத் துண்டால ஒத்துதாரு. டாக்டர் தலையாட்டுதாரு, ஒரு நல்லவரு இன்னொரு நல்லவருக்குத் தலையாட்டுத மாதிரி. "சார், ஒரு வாரம் எனக்கு டைம் குடுங்க. என் கையால சமைச்சுச் சாப்பிட்டு மறுபடியும் ரத்தம் குடுக்கேன்." "ஒண்ணு புள்ளி எட்டை வச்சுக்கிட்டு ஒரு நாள்கூட விளையாட முடியாதும்மா. நீங்க எத்தனை சாப்பிடுறீங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. தெரியாம இந்த மருந்தை உங்க கையில குடுத்தா நாளைக்கு உங்க உசுருக்கு நான்தான் பதில் சொல்லணும்." சரியாத்தான் சொல்லுதாரு. அதுதான் வயிறு எரியுது, சரியாத்தான் சொல்லுதாரு. பேனா ஓடுது. "மஞ்சள் மாத்திரை உங்களுக்கு முன்னால ஒத்துக்கிட்டிருக்கு. சார்தான் கையில குடுக்கணும், நீங்களா எடுக்கக் கூடாது." ஒத்துக்கிட்டதா? யாருக்கு? பதினெட்டு கிலோ, சார், மூத்திரம் போறது தெரியாது, சார், அதைச் சாப்பிட்டா நான் இருக்க மாட்டேன், சார், என் உடம்புதான் இருக்கும். இதை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் கொஞ்சம் மேல போயிருச்சு போல, டாக்டர் பேனாவை நிப்பாட்டி, என்னைப் பாத்து, கீழ இன்னொரு வரி சேத்து எழுதுதாரு. வாயை மூடிக்கிட்டேன். "சரி சார்"னு சொன்னேன். "ரொம்ப நன்றி சார்."

வெளிய மருந்துக் கவுண்டர். ரெஜினா பெஞ்சை எல்லாம் சுவத்தோரமாத் தள்ளுதா. கவுண்டர்ப் பொண்ணு மஞ்சள் அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு, மேடத்துக்குத் தூக்கம் நல்லா வரும் சார்"னு இவருகிட்டச் சொல்லுதா. என்கிட்டச் சொல்லல. இவரு பைக்குள்ள வச்சுக்கிட்டு என் முழங்கையைப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டு வாராரு. விரல் ஈரமா இருக்கு. "செல்வி, கோவப்படாதட்டீ. ரெண்டுதான் போட்டேன், ரெண்டு மாத்திரை. நீ நல்லா இருக்கணும்னுதான் போட்டேன். இனிமே கலக்க மாட்டேன்." எனக்குக் கோவம் வரல. அதை விடப் பெருசா ஒண்ணு வருது, ஆசை. அப்படின்னா நான் கோட்டி இல்ல. என் மண்டை சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, கணக்கு சரி, பொருந்தினது எல்லாம் நிஜமாவே பொருந்தியிருக்கு, லித்தியம் வேலை செஞ்சிருக்கு, சங்கரலிங்கம், என் மருந்து வேலை செஞ்சிருக்கு! "உள்ள போய்ச் சொல்லுங்க. இப்பவே. கதவு திறந்துதான் இருக்கு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மாத்தி எழுதிருவாரு." இவரு கதவைப் பாக்காரு. டாக்டர் கைப்பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வாராரு, டிரைவர் குடையை விரிக்கான், பத்தடி தூரம். இவரு செருப்பு ஒரு எட்டு முன்னால போச்சு, சத்தியமாப் போச்சு, நான் பாத்தேன். டாக்டர் இவரைப் பாத்து, "வாரேன் சார், உங்க உடம்பையும் பாத்துக்கோங்க"ன்னு கும்பிடுதாரு. இவரு ரெண்டு கையையும் கூப்பிக் குனிஞ்சு கும்பிடுதாரு. கார்க் கதவு சாத்துது. "சொல்லுங்க"ன்னேன். "ஏசுவாருட்டீ. இவ்வளவு நாளா நம்மளை மதிச்ச மனுசன்." கார் நகருது. "அடுத்த மாசம் வரும்போது சொல்லுதேன், கண்டிப்பாச் சொல்லுதேன்." கண்ணு கலங்கித்தான் சொல்லுதாரு, நிஜமாத்தான் சொல்லுதாரு. அடுத்த மாசம் நீங்க சொல்லுவீய. நான் உங்க பக்கத்துல உக்காந்து, என்ன சொல்லுதீயன்னு விளங்காம, உங்க வாயைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பேன்.